மூக்கில் பிறந்த பெயர்

லண்டன் நகரத்தில் 1836-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் இரண்டு பாகங்களாக ஒரு புத்தகம் வெளிவந்தது. அந்நகரத்துச் சந்துகளையும் அடகுக் கடைகளையும் வாடகை வண்டிகளையும், அவற்றினிடையே காலந்தள்ளும் மனிதர்களையும் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தும் கட்டுரைகள் அதில் அடங்கியிருந்தன. 'போஸ் வரைந்த சித்திரங்கள்' என்பது புத்தகத்தின் பெயர். ஆசிரியர் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. ஆயினும் ஆசிரியர் யார் என்பது வாசித்தவர்களில் பெரும்பாலோருக்கு விளங்கவில்லை. போஸ் என்பது குலப் பெயரா, ஊர்ப் பெயரா, அல்லது யாரேனும் தம் வீட்டு நாய்க்கு இட்ட பெயரா?

நம் நாட்டு வாசகர்களுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் வங்கத்துப் பெருந்தலைவரின் நினைவு வருவது இயல்பு. அந்தக் குலப் பெயருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலேயரில் பலர் இதைப் 'பாஸ்' என்று உச்சரிக்கிறார்கள். அவ்வாறே நாமும் எழுதினால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். பெயர் பிறந்த வரலாற்றை நோக்கினால் 'போஸ்' என்ற ஒலியே பொருத்தமானது. ஆகையால் அப்படியே எழுதுகிறோம்.

புத்தகத்தை எழுதியவர் பத்திரிகை நிருபராக ஊதியம் பெற்றுவந்த ஓர் இருபத்து நான்கு வயது வாலிபர். பார்லிமெண்டுப் பிரசங்கங்களைச் சுருக்கெழுத்தில் எடுப்பது அவருடைய தொழில். 1833-ஆம் வருஷம் டிசம்பரில் அவருடைய முதற் கதை ஒரு மாதப் பத்திரிகையில் கையெழுத்து இல்லாமலே வெளிவந்தது. 1834 ஆகஸ்டு முதல் தம் எழுத்தின் கீழே போஸ் என்று போடத் தொடங்கினார். சொந்தப் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். இன்று உலகம் முழுவதும் அறிந்த அந்தப் பெயர் அப்போது பத்திரிகை ஆபீஸுக்கும் அவருடைய வீட்டுக்கும் மட்டுமே தெரியும். போஸ் என்ற பெயரோ வீட்டுக்குள் அதற்கும் முன்பே வழங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது அவருடைய பெயர் அன்று; அவர் தம்பியின் பெயர்.

டிக்கன்ஸுக்குப் பதினைந்து வயது இளையவன் அகஸ்டஸ். 1827-இல் பிறந்த கடைக்குட்டி. பெரிய அண்ணனுக்கு அவன்மேல் அளவற்ற வாஞ்சை. அக்காலத்தில் அந்தக் குடும்பத்தார் விரும்பிப் படித்த நூல் கோல்ட்ஸ்மித் 1766-இல் வெளியிட்ட 'வேக்பீல்டு பாதிரியார்' என்னும் நாவல். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் ஒரு காலத்தில் அது பாட புத்தகமாக இருந்தது. அதில் பாதிரியாரின் குமாரன் மோஸஸ் என்ற பையன் ஒருவன் வருகிறான். வீட்டிலுள்ள குதிரையை விற்று வரும்படி அவனைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். நம் மோஸஸை யாரும் ஏமாற்ற முடியாது என்று தாயார் மார் தட்டிக்கொள்கிறாள். மோஸஸ் குதிரையை நல்ல விலைக்கு விற்கிறான். விற்ற பணத்துக்கெல்லாம் பச்சைக் கண்ணாடி மூக்குக்கண்ணாடிகள் பன்னிரண்டு டஜன் வாங்கிக்கொண்டு வெற்றி வீரனைப் போல வீடு திரும்புகிறான். வெள்ளி விளிம்பு என்று சொல்லி விற்றது செப்பு என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது. அறிவும் வெகுளித்தனமும் ஒரே அளவில் கலந்த அந்தப் பையனின் பெயரை டிக்கன்ஸ் தம் குட்டித் தம்பிக்குச் சூட்டினார்.

இத்துடன் விளையாட்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. மோஸஸ் என்பதை மூக்கால் பேசுவது போல வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார்கள். அது 'போஸஸ்' ஆயிற்று. போஸஸ் குறுகிப் 'போஸ்' ஆயிற்று. இந்த வரலாற்றை டிக்கன்ஸே பிற்காலத்தில் ஒரு முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார்.

மூக்கால் பேசினால் 'ம' எவ்வாறு 'ப' ஆகும் என்று ஆங்கில வாசகர்கள் திகைக்கலாம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் திகைப்பு வேண்டியதில்லை. பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் பொருந்துவதால் பிறப்பவை என்று நன்னூல் சொல்லுகிறது. வேறுபாடு யாதெனில், மகரம் மெல்லினம். மெல்லினத்துக்கு இடம் மூக்கு. ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் மகரம் போகும் வழி மூடிவிடுகிறது. இதழ் மட்டும் வேலை செய்கிறது. பகரத்தின் ஒலி கேட்கிறது. சந்தேகமுள்ளவர்கள் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டது 'பாபா' என்றுதான் விழும். வகுப்பில் நாம் இதைச் செய்து காட்டியதுண்டு. அன்று இலக்கணப் பாடம் முடிந்தும் பையன்கள் மூக்கை விடவில்லை.

தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும் கோயம்புத்தூர் கோவை ஆனதையும் நாம் மரூஉ என்கிறோம். மோஸஸ் போஸ் ஆனதும் அவ்வினமே. ஆனால் ஊர்ப் பெயர்கள் பல தலைமுறைகளின் வாயில் பட்டுத் தேய்ந்தவை. இதுவோ ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சில வருஷங்களுக்குள் தேய்ந்தது. குழந்தைகளுள்ள வீட்டில் பாஷை இவ்வளவு வேகமாக நடக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மோஸஸ் என்பது காரணப் பெயர். காரணம் வேக்பீல்டு கதையில் இருக்கிறது. போஸ் என்று ஆனபோது காரணம் கழன்று விழுந்துவிட்டது. வெறும் இடுகுறி மிஞ்சியது. பொருளில்லாத அந்த ஓசையைத்தான் டிக்கன்ஸ் தம் எழுத்தின் கீழ் போட்டுக்கொண்டார். பொருள் இல்லாத பெயரில் எந்தப் பொருளையும் ஊற்றி வைக்கலாம் அல்லவா?

புத்தகம் வெளியான இரண்டாவது மாதமே 'பிக்விக்' கதை மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வெளிவரலாயிற்று. ஆரம்பத்தில் நானூறு பிரதிகள் போனால் பெரிது என்றிருந்தது. முடியும் தறுவாயில் மாதம் சுமார் 40,000 பிரதிகள் விற்றன. படம் வரைய அமர்ந்திருந்த ஸேமர் என்பவர் இரண்டாவது பகுதி வெளிவருமுன்னே தற்கொலை செய்துகொண்டார். பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஹாப்லட் பிரவுன் என்ற இளைஞர். அவர் முதலில் 'நேமோ' என்று கையெழுத்திட்டார். லத்தீனில் 'ஒருவனுமில்லை' என்று அர்த்தம். சீக்கிரமே போஸுக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று 'ஃபிஸ்' என்று மாற்றிக்கொண்டார். முகத்தைக் குறிக்கும் நீண்ட ஆங்கிலச் சொல் ஒன்றை வேடிக்கையாக வெட்டிய துண்டு அது. நம் பேச்சில் 'மூஞ்சி' என்கிறோமே, அந்தத் தோரணை. போஸ் எழுத்தும் ஃபிஸ் சித்திரமுமாகப் பத்து நாவல்கள் வெளிவந்தன. பிரவுனைப் பிரவுன் என்று அறிந்தவர்களைக் காட்டிலும் மூஞ்சி என்று அறிந்தவர்களே அதிகம்.

இச்சமயத்தில் டிக்கன்ஸைச் சிறு வயதில் சாத்தம் என்ற ஊரில் பயிற்றுவித்த கைல்ஸ் என்னும் உபாத்தியாயர் தம் பழைய மாணவருக்கு ஒரு பரிசு அனுப்பினார். வெள்ளியில் செய்த பொடி டப்பி அது. 'நிகரற்ற போஸுக்கு' என்று அதன்மேல் பொறித்திருந்தது. மூக்கில் பிறந்த பெயருக்கு மூக்குப் பொடி டப்பியைப் பரிசளித்த பொருத்தத்தை அந்த உபாத்தியாயர் எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, டிக்கன்ஸுக்குப் பட்டம் பிடித்துவிட்டது. அதுமுதல் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தம்மை 'நிகரற்றவர்' என்றே குறிப்பிட்டுக்கொண்டார். உபாத்தியாயர் மாணவருக்குப் பட்டம் அளித்து, மாணவர் அதை வாழ்நாள் முழுவதும் மகிழ்ந்து சூடிக்கொள்வது அருமையான நிகழ்ச்சி. பெரும்பாலும் பட்டங்கள் எதிர்த் திசையில்தான் பயணம் செய்கின்றன. நமக்கும் மாணவர்கள் அருளியது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுவதற்கில்லை.

போஸ் யார் என்பது வெளிப்பட்டபோது சிலேடை பிரியர்களுக்குப் புது வேட்டை கிடைத்தது. ஆங்கிலத்தில் 'பிசாசு' என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் அதற்குப் பதிலாக 'டிக்கன்ஸ்' என்று சொல்லுவது பழைய வழக்கம். ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே அது வருகிறது. போஸ் என்னும் 'டிக்கன்ஸ்' யார் என்று நெடுநாள் தேடினோம், கடைசியில் அது டிக்கன்ஸே என்று தெரிந்தது என்னும் கருத்தமைந்த செய்யுள் ஒன்று 1837-இல் உலவியது. அந்த வருஷம் பிறந்த மூத்த குமாரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது சார்லஸ் கல்லிபோர்டு போஸ் டிக்கன்ஸ் என்று பெயர் பதிவாயிற்று. பத்து வருஷத்துக்கு முன் மூக்கைப் பிடித்துச் சிரித்த சிரிப்பு கோயில் ஏட்டில் ஏறிவிட்டது.

பெயருக்கு உண்மையில் உரியவனான அகஸ்டஸ் என்ன ஆனான்? அவன் வளர்ந்து, கலியாணம் செய்துகொண்டான். மனைவிக்குக் கண் பார்வை போய்விட்டது. அவளைக் கைவிட்டு வேறொரு பெண்ணுடன் அமெரிக்காவுக்குப் போனான். 1866-இல் சிக்காகோ நகரத்தில் முப்பத்தொன்பதாவது வயதில் காலமானான். அண்ணன் கைவிடப்பட்ட மனைவிக்கு உதவி செய்தார். மறு வருஷம் தம் நூல்களை வாசித்துக் காட்டுவதற்காக அமெரிக்கா சென்றபோது சிக்காகோவுக்கு அவர் போகவில்லை. உலகம் கொண்டாடிய போஸ் ஒருவர். முதல் போஸ் அந்நிய ஊரில் கிடந்தான்.

இனி, இந்த மனிதர் தம் கதைகளில் பெயர் வைத்த விதத்தைச் சற்றுப் பார்ப்போம். ஒரு பெயர் நாக்கில் சரியாக உட்காரும்வரை டிக்கன்ஸ் கதையைத் தொடங்கமாட்டார். 'மார்டின் சஸல்விட்' என்ற நாவலுக்கு அவர் எழுதிப் பார்த்து அடித்த பெயர்களை அவருடைய நண்பர் பாஸ்டர் எடுத்து வைத்திருக்கிறார். ஸ்வீஸில்டன், ஸ்வீஸில்பாக், ஸ்வீஸில்வாக், சஸல்டோ, சஸல்பாய், சப்பிள்விக், சஸல்விக் என்று போகிறது வரிசை. பெரிய மனிதர் ஒருவர் அறையைத் தாழிட்டுக்கொண்டு குழந்தையைப்போல உளறிப் பார்த்திருக்கிறார் என்றுதானே தோன்றுகிறது? டேவிட் காப்பர்பீல்டு என்ற பெயருக்கு முன்னும் இப்படியே டிராட்பரி, காப்பர்பாய், காப்பர்ஸ்டோன் என்று பல வந்து போயின.

அந்த உளறலுக்குள் ஆங்கிலச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. காப்பர்பீல்டின் மாற்றாந் தந்தை மர்ட்ஸ்டோன். 'கொலை'யின் பாதியும் 'கல்'லும் அதில் கேட்கின்றன. பையனின் பாட்டியார் பெட்ஸி அந்தப் பெயரைக் கேட்டவுடனே கொலை என்றே காதில் வாங்கிக்கொள்கிறாள். 'ஆலிவர் டுவிஸ்டு' கதையில் அநாதை விடுதியின் சேவகன் பெயர் பம்பிள். வண்டு முரலுவதையும், காரியத்தைக் குளறுபடி செய்வதையும் அந்தச் சொல் குறிக்கிறது. அவன் அநாதைக் குழந்தைகளுக்கு அகர வரிசையில் பெயர் இடுகிறான். முன் வந்த குழந்தைக்கு 'எஸ்' எழுத்தில் ஸ்வப்பிள். அடுத்தது 'டி', ஆகவே டுவிஸ்டு. அதற்கு அடுத்து வரப்போவதற்கு அன்வின், பிறகு வில்கின்ஸ் என்று இருக்கும்போதே தயார். பெயர் வைக்கும் விளையாட்டில் அன்பு இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் காட்டியதில்லை. அந்தக் கொடுமைக்குப் பழியாகப் பம்பிளின் பெயரே சிறு அதிகாரிகளின் அகம்பாவத்தைக் குறிக்கும் சொல்லாக ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. கஞ்சனைக் குறிக்க ஸ்குரூஜ் என்று சொல்லுகிறவர்களில் அந்தக் கதையைப் படிக்காதவர்களும் உண்டு.

பிக்விக் என்ற பெயர் மட்டும் கற்பனை அன்று. பாத் என்னும் ஊரில் கோச்சு வண்டிகள் ஓட்டிப் பிழைத்த ஒரு முதலாளியின் பெயர் அது. அவர் முழுப் பெயர் மோஸஸ் பிக்விக்! கதையில் ஸ்ரீ பிக்விக்கின் வேலைக்காரன் ஸாம் அந்த வண்டியின் கதவில் தன் எஜமானர் பெயர் எழுதியிருப்பதைக் காண்கிறான். அதற்கு முன்னே மோஸஸ் என்று வேறு சேர்த்திருப்பது அவமானத்தின்மேல் அவமானம் என்று கொதிக்கிறான். வாசகர்கள் சிரித்தார்கள். ஆனால் மோஸஸ் என்ற பெயரை எழுதியவர் போஸ் என்பதும், அந்த போஸே ஒரு மோஸஸ் என்பதும் அன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமக்குத் தாமே சிரித்துக்கொள்ள எழுத்தாளர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

வீட்டுக்கு வருவோம். டிக்கன்ஸுக்குக் குழந்தைகள் பத்து. ஒரு பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. ஏனையோரில் செல்லப் பெயருக்குத் தப்பியவர் இல்லை. நம் வீடுகளில் அம்பி, குஞ்சு, பட்டு, சிட்டு என்று அழைப்பதோடு திருப்தியடைகிறோம். அங்கே சாந்தமான மூத்த பெண்ணுக்கு 'மைல்ட் கிளாஸ்டர்' என்று ஒரு பாலாடைக்கட்டியின் பெயர். மூக்கின்மேல் கோபம் வைத்திருந்த இரண்டாவது பெண் கேட்டுக்கு 'லூஸிபர் பெட்டி' என்று பெயர். அக்காலத்தில் தீக்குச்சிகளுக்கு லூஸிபர் என்ற பெயர் வழங்கியது. பிரான்ஸிஸ் பிறந்த 1844-இல் வெளியான கதை ஒன்றில் வரும் கடைக்காரியின் பெயர் சிக்கன்ஸ்டாக்கர். அது அந்தப் பையனுக்கு வந்தது. வால்டருக்குக் கன்ன எலும்பு உயர்ந்திருந்தபடியால் 'குட்டி மண்டையோடு'. சிறு கைகளைக் கண்மேல் வைத்துக் கடலையே வெறித்து நோக்கும் வழக்கமுள்ள ஸிட்னிக்கு 'சமுத்திரப் பூதம்'. கடைசிப் பிள்ளை எட்வர்டுக்கு வந்ததுதான் உச்சம்: 'பிளார்னிஷ்மரூன்டிகூன்டர்'. அந்த ரயில் தொடரைத் தினமும் இழுப்பது கடினம் ஆகையால் முன் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு 'பிளார்ன்' என்றார்கள். பிள்ளை பிறந்தது 1852-இல். 1855 முதல் வெளிவந்த 'லிட்டில் டாரிட்' கதையில் பிளார்னிஷ் என்று ஒரு கொத்தனார் தோன்றுகிறார். இத்தாலியன் ஒருவனிடம் ஆங்கிலத்தையே கொச்சையாக உடைத்துப் பேசிவிட்டு இத்தாலிய பாஷை பேசிவிட்டதாகப் பெருமைப்படும் திருமதி பிளார்னிஷ் அவருடைய மனைவி. தொட்டிலில் உண்டான ஓசை கதைக்குள் குடியேறிவிட்டது.

விளையாட்டுப் பெயரை வைத்தவர் மறந்துவிடலாம். சுமந்தவர்களின் வாழ்வு வேறு.

குட்டி மண்டையோடாகிய வால்டர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் உத்தியோகம் பெற்று நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டான். புறப்பட்டது 1857 ஜூலை. அவனுக்கு வயது பதினாறு. மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் டிக்கன்ஸ் ஒரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் இந்தியாவில் படைத்தலைவராக இருந்தால், அண்மையில் நடந்த கொடுமைகளின் கறை படிந்த இனத்தையே பூண்டோடு அழிக்க இயன்றதெல்லாம் செய்வதாக அதில் எழுதியிருக்கிறார். மகன் இருக்கும் தேசத்தைப் பற்றித் தகப்பன் கொண்ட அச்சம் என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. அச்சம் இருந்திருக்கும். ஆனால் ஒரே குழந்தைக்கு நாலைந்து பெயர் இட்டு, அநாதைக்கு அகர வரிசையில் பெயர் வைத்தவனை உலகம் சிரிக்கும்படி செய்தவருக்கு, கோடிக்கணக்கான நம் மக்கள் பெயரற்ற ஓர் 'இன'மாகத் தோன்றியதை நாம் மறைத்து எழுதுவதற்கில்லை. அவருடைய நாவல்களை விரும்பிப் படிக்கிற நாமே இதையும் படிக்க வேண்டியிருக்கிறது.

வால்டர் கலகத்தை அடக்கிய படைகளில் சேவித்தான், கடன்பட்டான், நோயுற்றான். ஊர் திரும்ப விடுமுறை பெற்றுக் கல்கத்தாவில் கப்பலுக்குக் காத்திருக்கையில், 1863-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இரத்தக் குழாய் வெடித்து மாண்டான். வயது இருபத்திரண்டு. செய்தி டிக்கன்ஸுக்கு எட்டியது 1864 பிப்ரவரி 7-ந் தேதி. அன்று அவருடைய பிறந்த நாள். வங்காளப் போலீஸில் சேர்ந்து அண்ணனைக் காணலாம் என்ற ஆவலோடு கல்கத்தாவில் வந்து இறங்கிய சிக்கன்ஸ்டாக்கருக்குக் கிடைத்தது மரணச் செய்திதான். வால்டரைப் பவானிபூரில் புதைத்தார்கள்.

சமுத்திரப் பூதமாகிய ஸிட்னி பதின்மூன்றாவது வயதில், 1860-இல், கடற்படையில் சேர்ந்தான். உருவத்தில் சிறியவனாக இருந்தபோதிலும் கம்பீரமாக உடுத்து நின்ற அவனைப் பார்த்துத் தகப்பனார் பூரித்தார். அவனும் கடனில் மூழ்கினான். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று தகப்பனார் எழுதும் நிலைமை ஏற்பட்டது. தகப்பனார் இறந்த இரண்டாம் வருஷம், 1872 மே மாதம், நோயோடு தாயகம் திரும்பும் கப்பலில் உயிர் நீத்தான். இந்து மகா சமுத்திரத்தில் அவன் உடலை விட்டார்கள். குழந்தையின் கண்ணில் எதையோ கண்டு சிரித்துக்கொண்டே இட்ட பெயர் இது. இதைச் சோதிடம் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஆயினும் ஸிட்னியின் வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பெயர் வரும் இடங்களை வேகமாகப் புரட்டிவிட மனம் விரும்புகிறது.

தீப்பெட்டியாகிய கேட் நீண்ட காலம், 1929 வரையில், வாழ்ந்தாள். நல்ல ஓவியக்காரி என்று பேர் எடுத்தாள். தன் தகப்பனாரின் சரித்திரம் ஒன்றை எழுதி, பாதி உண்மை பொய்யைவிடக் கெட்டது என்று சொல்லி, தானே அதை அழித்துவிட்டாள்.

டிக்கன்ஸ் இவற்றையெல்லாம் உணராமல் இருந்தாரா? 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற நாவலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஸிட்னி கப்பலேறிய அதே வருஷத்தில், 1860 டிசம்பரில், அது வெளிவரத் தொடங்கியது. அதன் நாயகன் பெயர் பிலிப் பிரிப். மழலை நாக்கில் இரண்டு பெயரும் புரளாமல் குழந்தை தன்னைத்தானே 'பிப்' என்று சொல்லிக்கொள்கிறது. ஊரும் அப்படியே அழைக்கிறது. பிப் என்றால் ஆங்கிலத்தில் பழத்தின் சிறு விதை. கொல்லுப் பட்டறையில் வளரும் அந்தப் பையனுக்கு ஒரு நாள் எங்கிருந்தோ பெருஞ்செல்வம் வருகிறது. அதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, அவன் எக்காலத்தும் பிப் என்ற பெயரையே தாங்க வேண்டும் என்பது. பையன் உடனே ஒப்புக்கொள்கிறான். லண்டன் சென்று கனவானாகிறான். அங்கே கிடைத்த தோழன் பிலிப் என்ற பெயர் பிடிக்காமல் ஹாண்டல் என்று அழைக்கிறான். கொல்லன் வீட்டுப் பிள்ளை ஆகையால், கொல்லன் பெயரால் வழங்கும் இசை ஒன்றை இயற்றிய மேதையின் பெயர் அது. கேலியும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஆனால் செல்வத்தை அளித்தவன் யார் என்று கடைசியில் தெரிகிறது. நாடு கடத்தப்பட்ட ஒரு கைதி அவன்; சதுப்பு நிலத்தில் பசியோடு கிடந்தபோது தனக்கு உணவு கொண்டுவந்த குழந்தையின் பெயரை ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துக்கொண்டே பல வருஷம் நெஞ்சில் வைத்திருந்தவன். அவனுக்குத் தெரிந்தது பிப் என்ற குழந்தைதான். பிலிப் பிரிப் என்ற கனவானை அவன் அறியான். பெயர் மாறிவிட்டால் அவன் யாருக்குக் கொடுத்தான்?

பிளார்ன் கதை மிச்சமிருக்கிறது. கூச்சமுள்ள பையன், படிப்பில் ஊக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை வேலையே அவனுக்கு ஏற்றது என்று தகப்பனார் தீர்மானித்தார். 1868 செப்டம்பரில், பதினாறு வயது நிரம்பிச் சில மாதங்களே ஆன பிள்ளையை லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தில் வழியனுப்பினார். நூற்றுக்கணக்கான மனிதர்கள் நடமாடும் இடத்தில் உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். பயண நாள் நெருங்க நெருங்க, இவன் வளர்ந்த பிள்ளையாகத் தோன்றவில்லை, மறுபடியும் தமது கடைசிச் சிறு குழந்தையாகவே ஆகிவிட்டான் என்று பின்பு ஒரு கடிதத்தில் எழுதினார். அக்கடிதத்திலும் எட்வர்டு என்ற பெயர் அவருக்கு வரவில்லை. பிளார்ன் என்றே எழுதினார். இரண்டு வருஷத்துக்குள் அவர் காலமானார். மகன் அவரை மறுபடி காணவில்லை. எட்வர்டு டிக்கன்ஸ் நியூ ஸௌத் வேல்ஸ் சட்டசபையில் சில வருஷம் அங்கத்தினராக இருந்து, 1902-இல் மோரீ என்னும் சிற்றூரில் இறந்தார். அங்கே அவரைப் பிளார்னிஷ்மரூன்டிகூன்டர் என்று முழுவதும் கூப்பிடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.